வாடும் செடியில் அடைப்பு எங்கே? சைலம், ஃபுளோயம் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

செடி வாடினால் பெரும்பாலோர் முதலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தேறாவிட்டால் உரம் இடுகிறார்கள். அதற்கும் அசையாவிட்டால் கையில் கிடைத்த பூஞ்சைக்கொல்லியைத் தெளிக்கிறார்கள். பிழைத்திருக்கக்கூடிய செடிகள் பலவற்றை இந்த வரிசைதான் கொன்றிருக்கிறது. மண்ணில் தண்ணீர் இல்லாததால் ஒரு செடி வாடலாம்; மண்ணில் நிறைந்திருந்தும் வேரால் அதை எடுக்க முடியாததால் வாடலாம்; வேர் எடுத்துக்கொடுத்தும் தண்டுக்குள் வழி அடைபட்டதால் வாடலாம். வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். எனவே எதையும் ஊற்றுவதற்கு முன், வழி எந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள வேண்டும். கீழுள்ள பகுதிகள் அறிகுறி வாரியாக எழுதப்பட்டுள்ளன. உங்கள் செடிக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகச் செல்லலாம். அடுத்த தலைப்பில் உள்ளவற்றை மட்டும் தவிர்க்காமல் படித்துவிடுங்கள்.

## தொடங்குவதற்கு முன்

சைலம் தண்டின் உட்புறத்தில், மரமானால் கட்டைப் பகுதியில் அமைந்து, நீரையும் கனிம உப்புகளையும் வேரிலிருந்து மேலே கொண்டுசெல்கிறது. ஃபுளோயம் அதற்கு வெளியே, மரமானால் பட்டையின் உட்பக்கத்தில் அமைந்து, இலையில் உருவான சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் வளரும் நுனிக்கும் கொண்டுசேர்க்கிறது. நோயைப் பிரித்தறிய இவ்வளவு தெரிந்தால் போதும். சைலம் பழுதானால் செடி மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வாடிவிடும். ஃபுளோயம் பழுதானால் உடனே வாடாது; இலை நிறம் மாறும், தண்டு ஓரிடத்தில் புடைக்கும், வேர் மெல்லத் தேயும், வாடல் கடைசியில்தான் வரும்.

கூரிய கத்தி, நிறமற்ற கண்ணாடிக் குவளை, உருப்பெருக்கி, எழுபது விழுக்காட்டு ஆல்கஹால் ஆகியவை கையில் இருக்கட்டும். ஒரு செடியை வெட்டிப் பார்த்த கத்தியைத் துடைக்காமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள். வாடல் நோய்க் கிருமிகள் பலவும் சாற்றின் வழியே கத்தியில் ஒட்டிக்கொண்டு பரவக்கூடியவை.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான முதல் சோதனை, செடியை விடியற்காலையில் பார்ப்பதாகும். இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் நீரிழப்பு மிகக் குறைவு. வேருக்கும் தண்டுக்கும் பழுதில்லாவிட்டால், பகலில் ஏற்பட்ட பற்றாக்குறையைச் செடி இரவுக்குள் ஈடுசெய்துவிடும். விடியும்போது நிமிர்ந்து நிற்கும் செடிக்கு அவகாசம் உண்டு. மண்ணில் ஈரம் இருந்தும் விடியும்போதும் தொங்கிக்கொண்டிருக்கும் செடியில் ஏதோ ஒரு வழி உண்மையாகவே தடைபட்டிருக்கிறது. நண்பகலில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்பவர்கள் நலமான செடியையும் நோயாளியாக்கிவிடுகிறார்கள்.

## அறிகுறி: நண்பகலில் தொங்குகிறது, மாலையில் நிமிர்ந்துவிடுகிறது

பூசணி, சுரை, வெள்ளரி போன்ற அகன்ற இலைக் கொடிகளில் இது பெரும்பாலும் கோளாறே அன்று. கடும் வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்குச் சைலம் நீரைக் கொடுக்க முடிவதில்லை. வெயில் தணிந்ததும் கணக்கு நேராகிவிடும். விரலைக் கணு அளவு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

### உள்ளே காய்ந்திருந்தால்

தண்ணீர் ஊற்றுங்கள், ஆனால் ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் கவனியுங்கள். தென்னை நார்க்கழிவு அதிகமுள்ள கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை ஏற்க மறுக்கும். தண்ணீர் தொட்டியின் சுவரோரமாக வழிந்து, அடித்துளையில் வெளியேறிவிடும். துளையில் நீர் வருவதைப் பார்ப்பவர் நன்றாக நனைந்துவிட்டது என்று நம்புவார். நடுவேர்ப்பந்து தூசியாகவே இருக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் எடையில்லாமல் இருப்பதே அடையாளம். அதை ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, குமிழ்கள் வருவது நிற்கும் வரை வைத்திருந்து, பின் எடுத்து வடியவிடுங்கள்.

### ஈரம் இருந்தும், வாடல் நாளுக்கு நாள் சீக்கிரமாகத் தொடங்கினால்

நேற்று பன்னிரண்டு மணிக்கு வாடியது இன்று பத்து மணிக்கே வாடுகிறது என்றால் வேரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. செடியை இழுக்காமல், மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை நீரில் அலசுங்கள். சிறுவேர்கள் முழுவதும் உருண்டை உருண்டையாகப் புடைத்திருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. அந்தப் புழு வேரின் கடத்தும் திசுவை ஒட்டியே தனக்கான உணவுச் செல்களை உருவாக்கிக்கொள்வதால், அவ்விடத்தில் சைலக் குழாய்கள் சிதைந்து நீரோட்டம் தடைபடுகிறது. அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் காணப்படும் நன்மை தரும் முடிச்சுகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: அந்த முடிச்சுகள் வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், நூற்புழு முடிச்சு வேரே வீங்கியதாகையால் உதிராது.

தொட்டியானால் மண்ணோடு அப்புறப்படுத்திவிடுவதே மலிவான வழி. நிலமானால் கோடையில் மண்ணை நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளால் நான்கிலிருந்து ஆறு வாரம் மூடிவைத்துச் சூடேற்றலாம். அடுத்த பயிரை நூற்புழு விரும்பாத இனமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே வயலில் ஆண்டுதோறும் இது திரும்ப வருமானால், மண் மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்து நூற்புழு எண்ணிக்கையை அறிந்த பின்னரே மருந்துக்குச் செலவிட வேண்டும்.

## அறிகுறி: மண் நனைந்திருக்கிறது, விடியற்காலையிலும் வாடியே கிடக்கிறது

எனக்கு வரும் கேள்விகளில் மிகுதியானது இதுவே. கேட்பவர் அதற்குள் ஒருமுறையாவது கூடுதல் தண்ணீர் ஊற்றியிருப்பார்.

### முதலில் வடிகாலைப் பாருங்கள்

அடித்துளை அடைபட்டிருக்கிறதா, தொட்டிக்குக் கீழுள்ள தட்டில் நீர் தேங்கியிருக்கிறதா, மண்ணிலிருந்து அழுகிய முட்டையின் நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். காற்று கிடைக்காத வேர் நீரை உள்ளே விடும் திறனை இழந்துவிடும். அதனால்தான் முழங்கால் அளவு நீரில் நிற்கும் செடி, பாலையில் நிற்பதுபோல் வாடுகிறது. நீர் தேங்கியது ஓரிரு நாள் மட்டும் என்றால், வடியவிட்டு நிழலில் வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

### வடிகால் சரி, எனில் வேரை உருவிப் பாருங்கள்

ஒரு பழுப்பு வேரை இரு விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுங்கள். மேலுறை வழுக்கிக்கொண்டு கழன்று வந்து, நடுவில் மெல்லிய நூல் மட்டும் எஞ்சினால் அது வேரழுகல். எஞ்சிய அந்த நூல்தான் சைலமும் ஃபுளோயமும் அடங்கிய மையத் தூண். நீரை உறிஞ்சித் தரும் புறணி அழுகிப்போனதால் அது வெறுமையாக நிற்கிறது. பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற நீர்விரும்பும் கிருமிகளே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

வேர்த்தொகுதியில் பாதிக்கு மேல் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் செடியைக் காப்பாற்றலாம். அழுகியவற்றைக் கத்தரித்து, புதிய, நீர் நன்கு வடியும் கலவையில், முன்பைவிடச் சிறிய தொட்டியில் நடுங்கள். இழந்த வேருக்கு ஈடாக இலைகளையும் ஓரளவு குறையுங்கள். பெரிய தொட்டிக்கு மாற்றுவது தவறு. வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைத் திரும்பக் கொண்டுவரும். நல்ல வேர் ஏறத்தாழ எதுவுமே இல்லையென்றால், நுனித்தண்டை வெட்டிப் பதியம் வைப்பது அடிச்செடியை மீட்க முயல்வதைவிடப் பயனுள்ளது.

### வேர் வெள்ளையாகவே இருந்தால்

உப்பைச் சந்தேகியுங்கள். மண்ணின் மேலோ தொட்டியின் விளிம்பிலோ வெண்மையான படிவு இருக்கும், முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் காய்ந்து பழுப்பாகியிருக்கும், அண்மையில் உரமிட்ட வரலாறும் இருக்கும். மண்நீரில் உப்பு மிகுந்தால், வேர் எவ்வளவு நலமாக இருந்தாலும் அதனால் நீரை உள்ளே இழுக்க முடியாது. தொட்டியின் கொள்ளளவைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடியில் வெளியேற்றுங்கள். பின்னர் ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம். பாசன நீரே உப்பாக இருக்கிறது என்ற ஐயம் இருந்தால் மின்கடத்துதிறன் அளவியால் நீரைச் சோதிக்கச் செய்யுங்கள். அந்தச் செலவு, ஊகத்தின் பேரில் மண்ணை மாற்றும் செலவைவிடக் குறைவு.

## அறிகுறி: இலை பச்சையாகவே இருக்கிறது, ஓரிரு நாளில் முழுச்செடியும் சரிந்துவிட்டது

மஞ்சளாகாமல், புள்ளி விழாமல், நேற்று வரை நலமாக இருந்த தக்காளியோ கத்தரியோ மிளகாயோ உருளைக்கிழங்கோ சட்டென்று தொங்கினால், தோண்டுவதற்கும் ஊற்றுவதற்கும் முன் குவளையை எடுங்கள்.

தரைக்குச் சற்று மேலே தண்டை வெட்டி, விரல் நீளத் துண்டொன்றை எடுத்து, வெட்டுமுகம் நீரைத் தொடும்படி தெளிந்த நீருள்ள குவளையில் அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால்போன்ற வெண்ணிற இழைகள் புகையிழைபோல் கீழிறங்கினால் அது ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவால் வரும் வாடல் நோய். சைலக் குழாய்களுக்குள் பெருகிய பாக்டீரியாக் கூட்டமும் அது சுரக்கும் பசையுமே அந்த இழைகள். கைச்செலவு இல்லாத இந்தச் சோதனை, வயலில் செய்யக்கூடியவற்றுள் நம்பகமானது. கறுப்புப் பின்னணியில் குவளையை வைத்துப் பார்த்தால் மெல்லிய இழையும் தப்பாது.

### இழை வந்தால்

அந்தச் செடிக்கு மருந்து இல்லை. சைலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவை எட்டி அழிக்கக்கூடிய தெளிப்பு எதுவும் வீட்டுத் தோட்டக்காரரின் கைவசம் இல்லை. இருப்பதாகச் சொல்லி விற்கப்படுவதை வாங்க வேண்டாம். செடியை வேரைச் சூழ்ந்த மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். செடியை எடுத்த குழியின் வழியாகப் பாசன நீர் அடுத்த செடிக்கு ஓடாதபடி தடுங்கள். அதே இடத்தில் மேற்சொன்ன நான்கையும் இஞ்சியையும் நடாமல், தானியப் பயிரை மாற்றுப் பயிராக வையுங்கள். கத்தரியையோ தக்காளியையோ அங்கேதான் நட்டாக வேண்டும் என்றால், சுண்டைச் செடியை வேர்ச்செடியாகக் கொண்ட ஒட்டுக்கன்றுகள் இந்நோயைப் பெருமளவு தாங்கும்.

### இழை வரவில்லை என்றால்

தரைமட்டத்தில் தண்டைச் சுற்றிப் பாருங்கள். வெட்டுப்புழு கடித்திருக்கலாம், தண்டின் அடியில் வெண்பூஞ்சையும் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் இருந்தால் அது ஸ்கிளிரோஷியம் என்னும் பூஞ்சையால் வரும் அடியழுகல். இவை எதுவும் இல்லாமல், பல செடிகள் ஒரே வேளையில் ஒரே வரிசையில் சரிந்திருந்தால், முதல் நாள் அங்கே என்ன தெளிக்கப்பட்டது, எந்தத் தெளிப்பான் பயன்பட்டது என்று விசாரியுங்கள். நோய் இப்படி ஒரே வேளையில் நேர்க்கோட்டில் நடப்பது அரிது.

## அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் அல்லது ஒரு கிளை மட்டும் வாடுகிறது

தண்டின் ஒரு பக்கத்துச் சைலம் பெரும்பாலும் அதே பக்கத்துக் கிளைகளுக்கே நீர் கொடுக்கிறது. எனவே ஒருபக்க வாடல் என்பது அடைப்பு இருக்கும் திசையைச் செடியே காட்டிக்கொடுப்பதாகும். வாடிய கிளையிலிருந்து நேராகக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வாருங்கள்.

### தளிர் நுனி மட்டும் தொங்கினால்

தொங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளையும் அதன் வாயில் மரத்தூள் போன்ற கழிவும் உள்ளனவா என்று பாருங்கள். கத்தரியில் இது தண்டுத் துளைப்பானின் வழக்கமான அடையாளம். துளைக்குக் கீழே, உட்புறம் வெள்ளையாகத் தெரியும் வரை வெட்டி, வெட்டிய நுனியைப் புழுவோடு அழித்துவிட்டால் அந்தக் கிளை பக்கத்திலிருந்து துளிர்க்கும். துளை எதுவும் இல்லாவிட்டால் கிளை மடங்கி நசுங்கியிருக்கிறதா, கட்டிய கயிறு இறுக்குகிறதா என்பதைப் பாருங்கள்.

### ஒரு பக்கத்து அடியிலைகள் மஞ்சளாகி, பின் வாடினால்

இங்கே ஃபியூசேரியம் அல்லது வெர்டிசிலியம் என்னும் பூஞ்சைகளைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே இலையின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி பச்சையாகவும் இருப்பதும் இவற்றில் காணப்படும். தண்டை அடியிலிருந்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பட்டைக்கு உள்ளே, சைலம் இருக்கும் இடத்தில் பழுப்பு வரிகள் மேல்நோக்கி நெடுந்தூரம் ஓடினால் வாடல் பூஞ்சை. பழுப்பு அடித்தண்டோடு நின்று மேலே வெள்ளையாக இருந்தால் வேரழுகலோ அடியழுகலோ ஆகலாம். வாழையில் இதற்காகத் தண்டைக் குறுக்கே வெட்டினால், இலையுறைகளின் நரம்புகள் செம்பழுப்புப் புள்ளிகளாகவும், கிழங்கை வெட்டினால் வளையங்களாகவும் தெரியும்.

இவ்விரு பூஞ்சைகளையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஆய்வகத்தில் வளர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் அந்தப் பிரிவினையால் பெரிதாகப் பயன் இல்லை, ஏனெனில் இரண்டும் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடியவை, இரண்டுக்கும் முதல் பரிகாரம் எதிர்ப்புத்திறன் உள்ள இரகமே. வயல் அளவில் பயிரிடுபவர் கட்டாயம் சோதிக்க வேண்டும்: எந்தப் பூஞ்சை, அதன் எந்த வகை என்பதைப் பொறுத்தே அடுத்து எந்த இரகத்தை நடலாம் என்பது முடிவாகும். வாழையில் வாடலைக் கண்டால் கன்றுகளை அங்கிருந்து எடுத்து வேறிடத்தில் நடுவதையும் யாருக்கும் கொடுப்பதையும் அன்றே நிறுத்திவிட்டு, பயிர்ப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவியுங்கள்.

### மரத்தில் ஒரு பெருங்கிளை மட்டும் காய்ந்தால்

கிளையின் மேற்பட்டையை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிருண்டு, பொறுத்திருங்கள். பழுப்பும் வறட்சியுமாக இருந்தால், பச்சை தென்படும் இடம் வரை கீறிக்கொண்டே கீழிறங்கி, பச்சைக்குள் ஒரு சாண் தள்ளி, கிளைக்கணுவை ஒட்டி வெட்டுங்கள். ஏணி வேண்டிய உயரத்தில் இருக்கும் கிளை, மின்கம்பி அருகே இருக்கும் கிளை, அடிமரத்தின் பாதிப் பருமனுக்கு மேலுள்ள கிளை ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற மரவெட்டிகளிடம் விட்டுவிட வேண்டும்.

## அறிகுறி: பட்டை உரிந்துவிட்டது, அல்லது தண்டு ஓரிடத்தில் மேலே பருத்தும் கீழே மெலிந்தும் இருக்கிறது

ஃபுளோயக் கோளாறுகளில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதும், மக்கள் மிகவும் அலட்சியப்படுத்துவதும் இதுதான். மரம் பச்சையாகவே நிற்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பட்டை வளையமாக உரிந்தாலும் உள்ளே சைலம் முழுமையாக இருப்பதால் இலைக்கு நீர் வந்துகொண்டேதான் இருக்கும். வேருக்கு மட்டும் சர்க்கரை நின்றுபோகும். வேர் தன் சேமிப்பைத் தின்று தீர்க்கும் வரை மரம் நிற்கும். அது சில வாரமாகவோ ஒரு பருவம் முழுவதுமாகவோ இருக்கலாம். கீழே இறங்க வழியில்லாத உணவு வளையத்துக்கு மேலே தேங்கி, அங்கே தண்டு பருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே மால்பிகி பட்டையை வளையமாக உரித்து இந்தப் புடைப்பைக் கண்டு எழுதியிருக்கிறார். அந்தக் கிளையின் இலைகள் சில இனங்களில் செம்மையேறும். காய்கள் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் இனிப்பாகவும் இருக்கக்கூடும். திராட்சையில் இதற்காகவே வேண்டுமென்று மெல்லிய வளையம் எடுப்பவர்கள் உண்டு. ஒரு மரம் அளவுக்கு மீறிக் காய்ப்பதைக் கண்டு மகிழ்வதற்கு முன், அதன் அடியைக் குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

### காரணம் இன்னும் அங்கேயே இருந்தால்

பெயர்ச்சீட்டின் கம்பி, தாங்குகழியோடு கட்டிய நைலான் கயிறு, துணி உலர்த்தும் கொடி, அலங்கார விளக்கின் கம்பி என ஏதாவது ஒன்று பட்டைக்குள் புதைந்திருக்கும். உடனே வெட்டி எடுங்கள். ஆழப் புதைந்து பட்டை மூடிவிட்ட பகுதியைத் தோண்டி எடுக்க முயன்றால், எஞ்சிய ஃபுளோயத்தையும் கிழித்துவிடுவீர்கள். வெளியே தெரியும் இடங்களில் பல துண்டுகளாக வெட்டித் தளர்த்திவிட்டால் போதும். தொட்டியில் நெடுநாள் இருந்துவிட்டு நிலத்துக்கு வந்த மரங்களில், வட்டமாகச் சுருண்ட வேர் ஒன்று அடிமரத்தையே நெரிப்பதுண்டு. மண்மட்டத்தில் மரம் இயல்பாக அகன்று விரியாமல் ஒரு பக்கம் தட்டையாக இறங்கினால் மண்ணை விலக்கிப் பாருங்கள். பென்சில் கனமுள்ள வேரை நீங்களே நறுக்கலாம். கை மணிக்கட்டு அளவு பருத்து, மரத்தோடு அமுங்கிப்போன வேரை வெட்டுவது மரத்தின் நிலைப்பையும் பாதிக்கக்கூடும் என்பதால் அதை மர மருத்துவம் தெரிந்தவரிடம் விடுங்கள்.

### காயம் புதிதாக இருந்தால்

புல்வெட்டும் இயந்திரம் உரசியோ கால்நடை கடித்தோ வண்டி மோதியோ பட்டை கழன்று சில மணி நேரமே ஆகியிருந்தால், கழன்ற பட்டையைக் காயவிடாமல் அதே இடத்தில், அதே திசையில் பொருத்தி, ஈரத்துணியும் அதன் மேல் ஒளி புகாத பிளாஸ்டிக் தாளும் சுற்றிக் கட்டுங்கள். வெட்டுமுகத்திலுள்ள கேம்பியம், அதாவது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதிய திசுவை உருவாக்கும் மெல்லிய அடுக்கு, ஈரமாக இருக்கும் வரைதான் பட்டை ஒட்டும். ஓரிரு வாரத்தில் பிரித்துப் பார்த்து, ஒட்டாத பகுதியை நீக்கிவிடலாம். தார், வண்ணப்பூச்சு, சிமெண்டு ஆகியவற்றைப் பூசும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. காயம் மூடுவதற்கு இவை எதுவும் உதவுவதில்லை.

### காயம் பழையதாக இருந்தால்

ஒரு நூலால் சுற்றளவை அளந்து, அதில் எவ்வளவு பட்டை போயிருக்கிறது என்று பாருங்கள். கால்பங்குக்குள் என்றால் மரம் தானே சமாளித்துக்கொள்ளும். தொங்கும் பட்டை விளிம்பைக் கூரிய கத்தியால் சீராக்குவதோடு விட்டுவிடுங்கள். காயத்தின் உயரத்தைவிட அகலமே முக்கியம், ஏனெனில் உணவு இறங்குவதற்கு ஒரு செங்குத்துப் பட்டைப் பாதையாவது விடுபட்டிருக்க வேண்டும். பாதிக்கு மேல் போயிருந்தால் பாலம் ஒட்டு ஒன்றே வழி. அதே மரத்திலிருந்து எடுத்த பென்சில் கனமுள்ள ஓராண்டுக் குச்சிகளை, காயத்துக்கு மேலும் கீழும் நல்ல பட்டைக்குள் செருகி, ஐந்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் ஆணியடித்துப் பொருத்துவதே இந்த முறை. குச்சி காயத்தைவிடச் சற்று நீளமாக இருந்து வில்லாக வளைந்து நிற்க வேண்டும்; மரம் காற்றில் அசையும்போது அது பிடுங்கப்படாமல் இருக்க இந்த வளைவு தேவை. குச்சியின் அடிப்பக்கம் கீழேயும் நுனிப்பக்கம் மேலேயும் இருக்க வேண்டும் என்பதை மறந்தால் உழைப்பு முழுவதும் வீண். பட்டை எளிதில் கழலும் வளர்ச்சிப் பருவத் தொடக்கத்தில் இதைச் செய்ய வேண்டும். ஒட்டுக்கட்டிப் பழகாதவர், மதிப்புமிக்க மரத்தில் இதை முதல்முறையாக முயலாமல் அனுபவமுள்ள ஒட்டுக்கட்டுபவரை அழைப்பது நல்லது.

தென்னை, பனை, வாழை, மூங்கில் ஆகியவற்றுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. அவற்றில் கடத்தும் திசு தண்டு முழுவதும் சிதறிய கற்றைகளாக இருக்கிறது. மேற்பட்டை போனதால் உணவு நிற்பதில்லை. ஆனால் கேம்பியம் இல்லாததால் அவற்றின் காயம் ஒருபோதும் மூடிக்கொள்வதும் இல்லை.

### ஒட்டுக்கட்டிய இடத்தில் பருத்திருந்தால்

சற்றே பருத்திருப்பது இயல்பு. ஒட்டுக்கு மேலே பெரிதாகப் பருத்து, இலைகள் வெளிறி, மரம் இளமையிலேயே அளவுக்கு மீறிப் பூத்தால் ஒட்டுக்குச்சியும் வேர்ச்செடியும் பொருந்தவில்லை என்று பொருள். இரண்டின் சைலமும் ஃபுளோயமும் சரிவர இணையாத அந்த மூட்டு, சில ஆண்டுகள் கழித்தும் காற்றில் ரம்பத்தால் அறுத்ததுபோல் முறியக்கூடும். சரிசெய்ய வழியில்லை, வேறு வேர்ச்செடியில் கட்டிய கன்றை நடுங்கள்.

## அறிகுறி: வாடவில்லை, ஆனால் இலை சிறுத்து, தடித்து, மஞ்சள் திட்டுகளாக இருக்கிறது

பெரும்பாலும் சத்துக் குறைபாடே காரணமாக இருக்கும். ஆகவே முதலில் ஓர் இலையை எடுத்து, நடுநரம்பின் ஒரு பக்கத்தில் மஞ்சள் திட்டைச் சுற்றி எழுதுகோலால் வட்டமிட்டு, மறுபக்கத்தில் அதே இடத்திலும் வட்டமிடுங்கள். இரு வட்டத்துக்குள்ளும் நிறம் ஒத்திருந்தால் குறைபாடு. ஒரு வட்டம் மஞ்சளாகவும் மற்றது பச்சையாகவும் இருந்து, திட்டு நரம்பைத் தாண்டியும் பரவியிருந்தால், ஆரஞ்சு, எலுமிச்சை இனங்களில் பச்சையாதல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். இது ஃபுளோயத்துக்குள் மட்டுமே வாழும் பாக்டீரியாவால் வருவது. சிட்ரஸ் சைலா என்னும் சிறு பூச்சி இதைப் பரப்புகிறது. இலையில் தேங்கிய மாவுச்சத்தை அயோடினால் கருக்கவைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு, ஆனால் பட்டை உரிந்த கிளையின் இலையும் அதேபோல் கருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பி மரத்தை வெட்டக்கூடாது. கிருமியின் மரபணுவைத் தேடிப் பார்க்கும் பிசிஆர் ஆய்வகச் சோதனைதான் முடிவு சொல்லும்.

கத்தரியில் இலைகள் மிகச் சிறுத்துக் குத்துக்குத்தாகத் தோன்றினாலும், எள்ளில் பூக்கள் பச்சை இலைகளாக மாறினாலும், அது ஃபைட்டோபிளாஸ்மா என்னும் மற்றொரு ஃபுளோயக் கிருமி. தத்துப்பூச்சிகள் இதைச் சுமந்துசெல்கின்றன. அந்தச் செடி இனிக் காய்க்காது; இரக்கப்பட்டு விட்டுவைத்தால் அது அண்டைச் செடிகளுக்கு நோய் கொடுக்கும் கிடங்காகிவிடும். பிடுங்கிவிடுங்கள்.

## அறிகுறி: நுனி இலை மட்டும் வெளிறுகிறது, அல்லது காயின் அடி கறுக்கிறது

மஞ்சள் எந்த வயது இலையில் தொடங்கியது என்பதே இங்கே முழு விடை. தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவற்றைச் செடி முதிர்ந்த இலையிலிருந்து ஃபுளோயத்தின் வழியே எடுத்து இளந்தளிருக்குக் கொடுத்துவிடும். எனவே அவை குறைந்தால் அடியிலை முதலில் மஞ்சளாகும். இரும்பும் கால்சியமும் அவ்வாறு நகர்வதில்லை; குறைந்தால் தளிர்தான் முதலில் காட்டும். தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், இரும்பை வாங்கும் முன் மண்ணின் கார அமில நிலையையும் வடிகாலையும் பாருங்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் நீர் தேங்கிய மண்ணிலும் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைப்பதில்லை.

தக்காளியின் அடி கறுப்பது காய்க்குக் கால்சியம் எட்டாததால் வருவது. கால்சியம் சைலத்தில் நீரோடு மட்டுமே பயணிக்கிறது. இலையைப் போல் நீரை ஆவியாக்காத காய்க்கு அதன் பங்கு குறைவாகவே கிடைக்கிறது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதை நிறுத்துங்கள். மண்ணை மூடாக்கிட்டு ஈரத்தைச் சீராக வைத்தாலே அடுத்து வரும் காய்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

## அறிகுறி: வெட்டி வைத்த பூத்தண்டு நீரிலேயே வாடுகிறது

வெட்டிய கணத்தில் சைலத்துக்குள் காற்றுக்குமிழி புகுந்து நீர்த்தொடரை முறித்திருக்கும். பழைய நீரானால் பாக்டீரியாவும் அடைத்திருக்கும். தண்டின் அடியை நீருக்குள் அமிழ்த்திவைத்தே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி நீக்கி, தூய குவளையில் புதிய நீரில் வையுங்கள். நீருக்குள் இருக்கும் இலைகளை அகற்றுங்கள். சில மணி நேரத்தில் தேறாவிட்டால் தேறுவது அரிது.

## அறிகுறி: செடியிலிருந்து நீரோ சாறோ வடிகிறது

விடியற்காலையில் இலை ஓரங்களில் மணிமணியாக நீர் நிற்பது வேரழுத்தத்தால் வருவது, நோயன்று. கவாத்து செய்த கொடியின் வெட்டுமுகத்தில் சில நாள் நீர் சொட்டுவதும் அதுபோலவே. மரத்தின் பிளவிலிருந்து புளித்த நாற்றத்தோடு நுரைத்து வடிந்தால் கட்டைக்குள் பாக்டீரியா தங்கியிருக்கிறது. துளையிட்டு வடிக்க முயலாதீர்கள், அந்தத் துளை நலமான சைலத்துக்கும் வழிதிறந்துவிடும். தென்னையின் தண்டு வெடிப்பிலிருந்து செம்பழுப்பு நீர் கசிந்தால் அது சாறுவடிதல் நோய். பாதித்த திசுவைச் செதுக்கி நீக்கி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசி, வடிகாலைச் சரிசெய்ய வேண்டும்.

நடுவில் பொந்து விழுந்த மரம் பச்சையாக நிற்பதைக் கண்டு வியப்பவர்கள் உண்டு. நீரைக் கடத்துவது வெளிப்புறத்துச் சாற்றுக்கட்டையே; உள்ளிருக்கும் வைரக்கட்டை நீரைக் கடத்துவதில்லை, அது உளுத்தாலும் மரம் வாடாது. ஆனால் அது விழக்கூடும். வீட்டுக்கோ பாதைக்கோ அருகில் இருந்தால், இலைகளின் பசுமையை நம்பாமல் மர ஆய்வாளரை அழைத்து, எஞ்சிய சுவரின் கனத்தை அளக்கச் செய்யுங்கள்.

## ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது

முற்றிலும் செத்த செடியை அனுப்பினால் அதில் வந்தேறிய, செத்த திசுவில் வாழும் சாறுண்ணிப் பூஞ்சைகள்தான் வளரும்; பாதி வாடி, பாதி நலமாக உள்ள செடியைத் தேர்ந்தெடுங்கள். இலை மட்டும் போதாது. வேர், வேரைச் சூழ்ந்த ஒரு பிடி மண், அடித்தண்டு ஆகியவை சேர்ந்திருக்க வேண்டும். வேர்ப்பந்தைத் தனி உறையில் கட்டி, இலைகளை உலர்ந்த தாளில் சுற்றுங்கள். ஈரத்துணியும் இறுக்கமான பிளாஸ்டிக் பையும் வழியிலேயே மாதிரியை அழுகவைத்துவிடும். வாடல் எந்த நாள் தொடங்கியது, விடியற்காலையில் தேறியதா, எந்தப் பக்கத்தில் முதலில் தோன்றியது, கடைசியாக என்ன உரமும் மருந்தும் இடப்பட்டன என்பவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.